முயலுக்கு மூன்று கால்: நோய், இடப்பெயர்வு, பிழைத்தல்

1

தமிழில் முயல் என்று ஒரே சொல்தான். வேட்டைக்குப் போனவர் தோளில் தொங்குவதும் முயல், கூண்டுக்குள் கீரை தின்னும் வெள்ளைப் பிராணியும் முயல், நிலாவில் தெரிவதும் முயல். விலங்கியல்படி இவை வேறுவேறு. நம் மேட்டுக்காடுகளில் ஓடுவது குழி தோண்டாது. புல்லை அழுத்திச் சின்னப் பள்ளமாக்கி அதில் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், உடம்பில் மயிர் இருக்கும். பெரும்பாலும் தனித்துத் திரியும். கூண்டில் வளர்வதன் மூதாதை வேறு. அது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து உலகமெங்கும் கொண்டுபோகப்பட்ட ஐரோப்பிய முயல். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். இந்தக் கட்டுரையில் இதை வளைமுயல் என்றும் மற்றதைக் காட்டுமுயல் என்றும் எழுதுகிறேன். பெயர் வைக்க இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டை நோய் தாண்டிய கதை கடைசியில் வருகிறது, அதற்காகத்தான்.

வளைமுயலின் நோய் வரலாறு உயிரியல் பாடப்புத்தகங்களில் ஒரு நீதிக்கதை மாதிரி சொல்லப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் முயல் பெருகியது, கிருமியை விட்டார்கள், முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தது, பிறகு கிருமி சாதுவானது, முயல் வலுவானது, இரண்டும் அனுசரித்துப் போகக் கற்றுக்கொண்டன. இயற்கை தன் சமநிலையைக் கண்டது, சுபம். 2020-21 கொரோனாக் காலத்தில் இந்தக் கதைக்கு மறுபடி கிராக்கி வந்தது. எந்தக் கிருமியும் நாளாக நாளாகச் சாதுவாகிடும், கொஞ்சம் பேர் போனாலும் மந்தைக்கு எதிர்ப்புச் சக்தி வந்துடும்னு படித்தவர்களே பேசினார்கள். அந்தக் 'கொஞ்சம் பேர்' யார், 'மந்தை' யார் என்று பேசியவர்கள் சொல்லவில்லை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற கதையாடல் இது. நாலாவது கால் எங்கே போச்சுன்னு தேடுவதுதான் இங்கே வேலை. அதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் யார் கை யாரைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டியது, செத்ததை எண்ணியவர்கள் எந்த இடத்தில் நின்று எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும்.

2

1859 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்த கப்பலில் 24 முயல்கள் இறங்கின. விக்டோரியாவில் பார்வன் பார்க் என்ற பெரும் பண்ணையை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின் அவற்றை வரவழைத்தார். எதற்கு? சாப்பிட அல்ல, சுட்டு விளையாட. ஊர் நினைவு வரும்போது பொழுதுபோக வேண்டுமே. 1867இல் விக்டோரியா ராணியின் மகனே அங்கு வந்து முயல் சுட்டுவிட்டுப் போனார். வதாவுருங் மக்களிடமிருந்து பறித்த நிலத்தில் இங்கிலாந்துக் கனவான் வாழ்க்கையை அச்சு எடுத்து ஒட்டும் முயற்சியில் முயலும் ஒரு சாமான்.

இதற்கு முன்பும் முயல்கள் வந்திருந்தன. 1788இல் முதல் கைதிக் கப்பல்களிலேயே வந்தன. அவை பரவவில்லை. 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் முயல்களில் பெரும்பாலானவை ஆஸ்டின் வரவழைத்த அந்த ஒரே கூட்டத்தின் வம்சம் என்று காட்டியது. முன்பு வந்தவை வீட்டு முயல்கள். இவற்றில் காட்டு ரத்தம் கலந்திருந்தது. ஆனால் ரத்தம் மட்டும் போதாது. முயல் பரவ வழி வேண்டும். காட்டை வெட்டிப் புல்வெளியாக்கியவர்கள் கம்பளி முதலாளிகள். முயலைப் பிடித்துத் தின்னக்கூடிய டிங்கோ நாய்களை ஆட்டுக்காகக் கொன்றவர்களும் அவர்களே. ஆடு நடக்க வெட்டிய பாதையில் முயல் ஓடியது. 1894 வாக்கில் கண்டத்தின் மறுகோடியான மேற்கு ஆஸ்திரேலியாவை எட்டிவிட்டது.

எட்டியதும் 'படையெடுப்பு' என்று பெயர். மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901இல் வேலி போட ஆரம்பித்தது. முதல் வேலி மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல். 1907இல் வேலை முடிவதற்குள்ளேயே முயல் வேலியின் அந்தப் பக்கம் போயாச்சு. முயலைத் தடுக்காத அந்த வேலி வேறு ஒன்றுக்குப் பயன்பட்டது. பூர்வகுடித் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைகளை அரசு பிடித்துக்கொண்டுபோய் முகாம்களில் அடைத்த காலம் அது. 1931இல் மூர் ரிவர் முகாமிலிருந்து மோலி, டெய்சி, கிரேசி என்று மூன்று சிறுமிகள் தப்பினார்கள். ஊர் இருப்பது சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளி, ஜிகலாங்கில். வழி தெரியாது. முயல் வேலி ஊர்ப் பக்கமாகப் போகிறது என்பது மட்டும் தெரியும். மோலியின் அப்பா அந்த வேலியைப் பராமரித்த வெள்ளைக்காரர். வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். கிரேசி வழியில் பிடிபட்டாள். மற்ற இருவரும் வீடு சேர்ந்தார்கள். மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் 1996இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

முயலின் வரலாற்றில் இந்தச் சிறுமிகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். யார் எங்கே இருக்கலாம், யார் நகரக்கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரம் ஒன்றுதான். கம்பியும் ஒன்றுதான். தான் கொண்டுவந்து விட்ட பிராணியை 'ஊடுருவல்' என்றது. அந்த மண்ணிலேயே பிறந்த பெண் குழந்தை தன் ஊருக்கு நடந்து போனால் அதற்குப் பெயர் 'தப்பி ஓடுதல்'.

ஒன்றை மறைக்கக் கூடாது. முயல் அந்த மண்ணுக்குச் செய்த கேடு கட்டுக்கதை இல்லை. ஒரு ஹெக்டேருக்கு ஒரு முயல் இருந்தாலே சில மரங்களின் கன்றுகள் தலையெடுக்க முடியாது. பில்பி மாதிரியான சின்னப் பிராணிகளின் வளையையும் இரையையும் முயல் எடுத்துக்கொண்டது. அதைச் சாதுவான பலியாடாக வரைவதும் மூன்று கால் முயல்தான்.

அதே சமயம் எல்லாருக்கும் அது பீடையாக இருக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனவர்கள் கண்ணி வைத்து முயல் பிடித்துப் பிழைத்தார்கள். 'பூமிக்கடி ஆட்டுக்கறி' என்று அதற்குப் பட்டப்பெயர். தோல் தொப்பிக்குப் போனது, கறி உறைய வைத்து ஏற்றுமதியானது. மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலருக்கு அது அன்றாட உணவாயிற்று. சீமைக் கருவேலத்தைத் திட்டித் தீர்க்கிற நம்மவர்கள், அதில் கரிமூட்டம் போட்டு வயிறு கழுவும் ராமநாதபுரத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? அது மாதிரிதான்.

3

இனி கிருமி. தென் அமெரிக்காவில் தப்பேத்தி என்று ஒரு முயலினம் உண்டு. வளைமுயலுக்குத் தூரத்து உறவு. அதன் தோலில் ஒரு சிறு கட்டியாக மட்டும் வந்துபோகும் ஒரு அம்மைக் கிருமி இருந்தது. தப்பேத்திக்கு அதனால் பெரிய தொந்தரவில்லை. ஐரோப்பியர்கள் தங்கள் முயலை அங்கே கொண்டுபோனபோது அந்தக் கிருமிக்குப் புது உடம்பு கிடைத்தது. 1896இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் இத்தாலிய விஞ்ஞானி சனரெல்லியின் ஆய்வுக்கூட முயல்கள் கண் வீங்கி, மூடி, சீழ் வடிந்து, காதடி புடைத்துச் செத்தன. நோய்க்கு மிக்சோமடோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் பெரியம்மையும் இந்தக் கிருமியும் ஒரே குடும்பம்.

பிரேசிலைச் சேர்ந்த அராகாவ் இதை வைத்து முயலை அழிக்கலாமே என்று ஆஸ்திரேலியாவுக்கு யோசனை சொன்னார். 1930களில் ஜீன் மெக்னமாரா என்ற ஆஸ்திரேலியப் பெண் மருத்துவர், போலியோவுக்கு வைத்தியம் பார்த்தவர், விடாமல் வலியுறுத்தினார். நாருங்கா மக்களின் நிலமான வார்டாங் தீவில் சோதனைகள் நடந்தன. 1950இல் அரசு ஆராய்ச்சி நிறுவனம் மர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிருமியை விட்டது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கைவிடப் போகும் நேரம், டிசம்பரில், மழையும் வெள்ளமுமாக ஆற்றோரம் கொசு பெருத்தது. கொசு இங்கே பறக்கும் ஊசி. வீங்கிய தோலில் குத்திய மூக்கில் ஒட்டியதை அடுத்த முயலில் குத்தும். ஆற்றின் போக்கிலேயே சாவு நடந்தது.

ஆற்றோர ஊர்களில் அதே சமயம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முயல் கிருமிதான் காரணம் என்று ஜனங்கள் பதறினார்கள். இல்லை என்று காட்ட மூன்று விஞ்ஞானிகள், பர்னெட், ஃபென்னர், குளூனிஸ் ராஸ், அந்தக் கிருமியைத் தங்கள் உடம்பிலேயே குத்திக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, மூளைக்காய்ச்சல் வேறு கிருமியால் வந்தது. அவர்களின் துணிச்சலைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஜனங்களின் பயம், 'அறியாமை'யாகப் பதிவானது. இதே கண்டத்தில் 1789இல் சிட்னி சுற்றுவட்டாரத்தில் பெரியம்மை வந்து பூர்வகுடிகளில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. அது எப்படி வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். கிருமியைக் கண்டு பயப்பட அந்த மண்ணில் இருந்தவர்களுக்குக் காரணம் இல்லாமல் போகவில்லை.

4

நீதிக்கதையின் மையம் ஃபென்னரின் வேலை. கறாரான, நேர்மையான வேலை. 1950இல் விட்ட கிருமி நூற்றுக்கு 99.8 முயலைக் கொன்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் காட்டிலிருந்து பிடித்த கிருமிகளை ஃபென்னரும் மார்ஷலும் ஐந்து தரமாகப் பிரித்தார்கள். முதல் தரம் 13 நாளுக்குள் கொல்லும். மூன்றாம் தரத்தில் முயல் 17 முதல் 28 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஐந்தாம் தரத்தில் பாதிக்குமேல் பிழைக்கும். சில ஆண்டுகளிலேயே முதல் தரம் அரிதாகி மூன்றாம் தரம் எங்கும் பரவிவிட்டது.

ஏன் என்பது எளிது. முயல் சீக்கிரம் செத்தால் கொசுவுக்குக் குத்த நேரமில்லை. புண்ணோடு நெடுநாள் உயிரோடிருக்கும் முயல்தான் கிருமிக்கு லாபம். ஐந்தாம் தரத்தில் புண் சீக்கிரம் ஆறிவிடும், அதிலும் லாபமில்லை. நடுவில் நிற்பது கிருமிக்கு நல்லது.

இதைத்தான் 'கிருமி சாதுவானது' என்கிறார்கள். அந்த மூன்றாம் தரம் எத்தனையைக் கொன்றது தெரியுமா? நூற்றுக்கு 70 முதல் 95 வரை. அட்டவணையில் இதற்கு 'மிதமானது' என்று பெயர். சாகாத நாட்கள் கூடியது வேதனையின் நாட்கள்தான். கண் தெரியாமல், தின்ன முடியாமல் இரண்டு வாரத்துக்குப் பதில் நாலு வாரம். கிருமியின் பக்கம் நின்று பார்த்தால் இது மிதம். மேய்ச்சல் நிலத்துக்காரர் பக்கம் நின்று பார்த்தால் கட்டுப்பாடு தளர்கிறது என்ற கவலை. வளைக்குள்ளிருந்து பார்ப்பதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

மறுபாதி, முயல் வலுவானது. நியூ சவுத் வேல்ஸில் யுரானா ஏரிப் பக்கம் ஒவ்வொரு கொள்ளைநோய்க்குப் பிறகும் பிறந்த குட்டிகளைப் பிடித்து, ஒரே மூன்றாம் தரக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயையே காணாத முயல்களில் 90 விழுக்காடு செத்தது. ஏழு கொள்ளைநோய்களுக்குப் பிறகு சுமார் 25 விழுக்காடுதான். அரிய கணக்கு, சந்தேகமில்லை. ஆனால் 'முயல்' என்று ஒருமையில் சொல்லும்போது இலக்கணம் ஒரு மோசடி செய்கிறது. வலுவானது எந்த முயல்? செத்தது வலுவாகவில்லை. பிழைத்தது முன்பே அப்படிப் பிறந்தது. நடந்தது கற்றலும் அல்ல, அனுசரிப்பும் அல்ல; கழித்தல். ஏழு தடவை கழித்த பிறகு மீதி நின்றதற்கு 'முயல்' என்று பழைய பெயரையே வைத்துக் கதையைத் தொடர்கிறோம். மந்தை எதிர்ப்புச் சக்தி பற்றிப் பேசியவர்களும் இந்த ஒருமையில்தான் பேசினார்கள். மக்கள்தொகை என்ற ஒன்றை வாழ வைப்பதாகச் சொல்லிக்கொண்டே சிலரைச் சாகவிடும் நவீன அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ சொன்னது, மேய்ச்சல் நிலத்தில் நின்று படித்தால் இன்னும் தெளிவாகப் புரிகிறது.

5

ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கே அரசுகூடத் தேவைப்படவில்லை, ஒரு சொத்துக்காரர் போதும். பாரிஸுக்கு மேற்கே மயிபுவாவில் தோட்டம் வைத்திருந்த ஓய்வுபெற்ற மருத்துவர் ஆர்மான்-டெலீல், 1952 ஜூனில் லோசானிலிருந்து வரவழைத்த கிருமியை இரண்டு முயல்களுக்குக் குத்தித் தன் தோட்டத்தில் விட்டார். மதில் சுவர் இருக்கிறதே, தாண்டாது என்று நம்பிக்கை. 1954 முடிவதற்குள் பிரான்சின் முயல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்தன. வேட்டைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1955இல் 5,000 பிராங்க் அபராதம். அடுத்த வருஷமே விவசாயத்துக்கும் வனத்துக்கும் சேவை செய்ததாகப் பதக்கம். ஒரே செயலுக்கு அபராதமும் பதக்கமும்! முயலைச் சொத்தாகப் பார்த்தவர்கள் அதைக் கொடுத்தார்கள், பயிரைச் சொத்தாகப் பார்த்தவர்கள் இதைக் கொடுத்தார்கள்.

பிரிட்டனில் 1953இல் கென்ட் மாவட்டத்தில் நோய் தோன்றியது. நோயாளி முயலைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் வயலில் விட்ட விவசாயிகள் உண்டு. வேண்டுமென்று பரப்புவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அங்கே கொசு இல்லை, வளைக்குள்ளிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் கிருமியைச் சுமந்தது. அந்தத் தெள்ளின் இனப்பெருக்கமே தாய்முயலின் ஹார்மோனைப் பொறுத்தது என்பதை 1960களில் மிரியம் ராத்ஸ்சைல்டு கண்டுபிடித்தார். முயல் கர்ப்பமானால் தெள்ளு முட்டைக்குத் தயாராகும், குட்டி பிறந்ததும் அதன் மேல் தாவி முட்டையிடும். ஒரு வளையே ஒரு உலகம். இதைத் தெரிந்துகொண்ட ஆஸ்திரேலியர்கள் கொசு இல்லாத வறண்ட பகுதிகளுக்காக 1960களின் இறுதியில் அந்தத் தெள்ளையும் கப்பலேற்றினார்கள். முயல், கிருமி, தெள்ளு என்று மூன்றுக்கும் பயணச்சீட்டு எடுத்தது மனுசப்பயல்தான்.

முயல் போனதும் பிரிட்டனில் புல் உயர்ந்தது. வெயில் படும் குட்டைப் புல்லில் வாழும் ஒரு செவ்வெறும்பு அருகியது. அந்த எறும்பின் கூட்டில் வளரும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979இல் பிரிட்டனிலிருந்து அற்றுப்போனது. ஸ்பெயினில் முயலையே நம்பியிருந்த ஐபீரிய லின்க்ஸ் பூனை 2002 வாக்கில் நூற்றுக்கும் கீழே வந்தது. பிறகு பெரும் முயற்சியால் மீண்டது. முயல் மீளவில்லை. தன் தாய்நிலத்தில் வளைமுயல் இன்று அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. ஒரே பிராணி ஓரிடத்தில் பீடை, ஓரிடத்தில் வேட்டைச் சொத்து, ஓரிடத்தில் காப்பாற்றப்பட வேண்டிய உயிர்.

6

மிக்சோமா தளர்ந்ததும் வேறு கிருமி. 1984இல் சீனாவின் ஜியாங்சுவில், ஜெர்மனியிலிருந்து மயிருக்காக இறக்குமதியான அங்கோரா முயல்கள் திடீரென்று ரத்தம் கசிந்து செத்தன. ஓராண்டுக்குள் 14 கோடி வளர்ப்பு முயல்கள் போனதாகக் கணக்கு. இரண்டு மூன்று நாளில் ஈரலைத் தின்றுவிடும் நோய். ஆஸ்திரேலியா இதையும் வார்டாங் தீவில் வைத்துச் சோதித்தது; 1995 அக்டோபரில் அது தானாகவே தீவைத் தாண்டிப் பெருநிலம் வந்தது. பூச்சிகள் சுமந்திருக்க வேண்டும். கடலை நம்பி வைத்த வேலியும் முயல் வேலியின் தம்பிதான். நியூஸிலாந்து அரசு 1997 ஜூலையில் இந்தக் கிருமி வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஆகஸ்டிலேயே நோய் பரவிவிட்டது. விவசாயிகள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து, செத்த முயலின் ஈரலை வீட்டு மிக்ஸியில் அரைத்துத் தூவினார்கள்.

2010இல் பிரான்சில் இதன் புது வகை கிளம்பியது. பழையது சின்னக் குட்டிகளை விட்டுவைக்கும். புதியது அவற்றையும் கொல்லும். காட்டுமுயல்களையும் தொற்றும். 2020இல் அமெரிக்காவின் தென்மேற்கில் அந்த மண்ணுக்கே உரிய காட்டுமுயல்கள் இதில் விழுந்தன. மிக்சோமாவும் சும்மா இருக்கவில்லை. 2018 கோடையில் ஸ்பெயினின் தெற்கில் காட்டுமுயல்கள் கண் வீங்கிச் சாகத் தொடங்கின. அறுபத்தைந்து வருஷமாகப் பக்கத்து வளையில் இந்த நோய் இருந்தும் அவற்றுக்குப் பெரிதாகத் தொற்றியதில்லை. வேறொரு அம்மைக் கிருமியின் மரபணுத் துண்டு ஒன்று மிக்சோமாவில் கலந்திருந்தது. குழி தோண்டாத, கூட்டம் சேராத, கண் திறந்து பிறக்கிற முயல். யார் வயலுக்காகவோ விட்ட நோயில் அதுவும் சேர்ந்தது. முதலில் போட்ட கோடு இப்படித் தாண்டப்பட்டது.

'சாதுவான' கிருமியின் கதை ஆஸ்திரேலியாவில் என்ன ஆயிற்று? 1990களில் அங்கே காட்டில் பிடித்த மிக்சோமா கிருமிகளைப் பின்னாளில் சோதித்துப் பார்த்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். எதிர்ப்பு இல்லாத ஆய்வுக்கூட முயல்களுக்குக் கொடுத்தபோது, பழைய வீக்கம் அவ்வளவாக இல்லை. உடம்பின் காவலையே முடக்கி, சீக்கிரம் சாய்த்துவிடும் புதுவித நோய். முயல் தேற, கிருமியும் கடுமையானது. பாடப்புத்தகத்தில் சுபம் போட்ட பக்கத்துக்கு அப்பால் கதை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

7

2019இல் ஒரு ஆய்வு வந்தது. 1950களுக்கு முன் பிடிக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் கிடந்த முயல்களின் மரபணுவை இன்றைய முயல்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு காலத்தில் சார்லஸ் டார்வினிடம் இருந்த முயலும் அவற்றில் ஒன்று. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன், மூன்று இடத்திலும் பெருமளவு ஒரே மரபணு மாறுபாடுகள் பெருகியிருந்தன. அவை நோய்க்குப் பிறகு புதிதாக முளைத்தவை இல்லை; நோய் வருமுன்பே முன்னோர்களிடம் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தவை. பல சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து எதிர்ப்பாகியிருக்கின்றன.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிழைத்தலை 'வல்லது வெல்லும்' என்று படித்துப் பழகியிருக்கிறோம். அந்த மாறுபாடுகளைச் சுமந்தவை 1949இல் வல்லவையாக ஒன்றும் இருக்கவில்லை, மற்ற முயல்களைப் போல இன்னொரு முயல். பலவிதமாக இருந்ததால்தான் ஏதோ ஒன்று மிஞ்சியது. எல்லாம் ஒன்றுபோல் இருந்திருந்தால் மிச்சமே இருந்திருக்காது. ஒரே மொழி, ஒரே பண்பாடு என்று வலியுறுத்துகிறவர்களுக்கு உயிரியலிலிருந்து உவமை தேவைப்பட்டால் முயலிடம் வரவேண்டாம்.

அந்த அருங்காட்சியக இழுப்பறைகளில் ஒவ்வொரு முயலோடும் ஒரு சீட்டு இருக்கும்: பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர். மர்ரே ஆற்றோரம் 1951இல் குவித்துப் புதைத்தவற்றுக்குச் சீட்டு கிடையாது. அவை விழுக்காடாக மட்டும் எஞ்சியிருக்கின்றன. அடுத்த தடவை யாராவது நம்மிடம் வந்து, எல்லாம் நாளடைவில் சமநிலைக்கு வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னால், முயலுக்கு எத்தனை கால் என்று முதலில் கேட்டுக்கொள்வோம். பிறகு, நீங்க எண்ணுகிறவரா எண்ணப்படுகிறவரா என்று.